வண்டி நின்ற நேரமெல்லாம் ஓய்வு ஆகாது

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பல வருஷமாக லாரி ஓட்டுகிறேன். சீசனில் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றி நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டுக்கும் குடோனுக்கும் நடை அடிப்பேன். மற்ற மாதங்களில் வெளிமாநில லோடு. லிதுவேனியாவில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் டிரைவர் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அங்கே வண்டியில் டாக்கோகிராஃப் என்று ஒரு கருவி இருக்குமாம். "நம்ம ஜிபிஎஸ் மாதிரிதான், பயப்பட ஒண்ணும் இல்லை. நேரம் முடிஞ்சா கார்டை உருவிட்டு ஓட்டிக்கலாம். கிலோமீட்டர் கணக்குல காசு" என்கிறார். இது உண்மையா? லோடுக்காகக் காத்திருக்கும் நேரம் ஓய்வில் சேருமா? நேரம் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்த வசதி இல்லை என்றால் நடுரோட்டிலேயே நிறுத்த வேண்டுமா? நம் ஊரில் ஏன் இந்தச் சட்டம் இல்லை?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

டாக்கோகிராஃப் என்பது டிரைவர் ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவி. அதில் டிரைவர் தன் பேரில் உள்ள கார்டைச் செருகித்தான் ஓட்ட வேண்டும். அந்தக் கார்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எதையும்விட அதுதான் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். கார்டை உருவிவிட்டு ஓட்டலாம் என்று சொன்னவர் உங்கள் நல்லதுக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் டிரைவர்களின் டாக்கோகிராஃப் பதிவுகளைச் சரிபார்க்கிற பொறுப்பில் இருந்தவன் நான். கார்டு இல்லாமல் வண்டி நகர்ந்தால் அந்தப் பதிவில் அது தனியாக, பளிச்சென்று தெரியும். தேடவே வேண்டியதில்லை.

கருவி இரண்டு இடத்தில் எழுதுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று உங்கள் கார்டு. இன்னொன்று வண்டியிலேயே இருக்கும் பெட்டி. கார்டை எடுத்தாலும் பெட்டி எழுதிக்கொண்டேதான் இருக்கும். இத்தனை மணிக்கு, கார்டு இல்லாமல், இவ்வளவு தூரம் வண்டி ஓடியது என்று அதில் விழுந்துவிடும். ஏறக்குறைய ஒரு வருஷத்துப் பதிவு அந்தப் பெட்டியில் இருக்கும். 2023 ஆகஸ்ட் 21 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளில் ஸ்மார்ட் டாக்கோகிராஃபின் இரண்டாம் பதிப்பு கட்டாயம். நாடு விட்டு நாடு போகும் பழைய வண்டிகளையும் படிப்படியாக இதற்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கருவி செயற்கைக்கோள் மூலம் வண்டி இருக்கும் இடத்தையும் பதியும், எல்லை தாண்டினால் அதையும் தானே பதியும். சாலையோரம் நிற்கும் அதிகாரி ஓடுகிற வண்டியிலிருந்தே சில விவரங்களை வாங்கிப் பார்க்க முடியும். அதை மட்டும் வைத்து அபராதம் போட முடியாது, ஆனால் எந்த வண்டியை ஓரங்கட்டச் சொல்வது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இன்னொருவர் கார்டைச் செருகி ஓட்டுவது இதைவிட மோசம். உங்கள் பேங்க் பாஸ்புக்கை வேறொருவர் கையில் கொடுத்து உங்கள் பேரில் கணக்கு நடத்தச் சொல்வீர்களா? ஒரு டிரைவருக்கு ஒரே கார்டுதான், ஐந்து வருஷம் செல்லும். அதில் ஏறுவது எல்லாம் உங்கள் பேரில் ஏறும். கார்டு தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ ஏழு நாளுக்குள் புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். புதுக் கார்டு வரும்வரை அதிகபட்சம் 15 நாள், தினமும் பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிரிண்ட் எடுத்துப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓட்டலாம். இப்படி நேர்வழி இருக்கும்போது அடுத்தவர் கார்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஜிபிஎஸ் மாதிரி என்பதும் தவறு. லாரி எங்கே இருக்கிறது என்று முதலாளி பார்ப்பதற்கு ஜிபிஎஸ். டாக்கோகிராஃப் பார்ப்பது டிரைவரை: நீங்கள் ஓட்டுகிறீர்களா, வேறு வேலை செய்கிறீர்களா, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக இருக்கிறீர்களா, ஓய்வில் இருக்கிறீர்களா. இந்த நான்குக்கும் நான்கு குறி உண்டு. ஸ்டியரிங் சக்கரம், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல், குறுக்குக்கோடு போட்ட சதுரம், கட்டில்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டெல்டா டிரைவர்கள் எல்லாருக்கும் இது புரிய வேண்டும் என்பது என் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தை, மாசியில் சம்பா அறுவடை சமயத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் ஷெட் வாசலில் லாரி வரிசை. அரை மணிக்கு ஒரு தடவை வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னே நகர்த்த வேண்டும். நடுவில் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வார்கள், மழைத் தூறல் விழுந்தால் திரும்பக் கட்டச் சொல்வார்கள். மூட்டை இறங்கும்போது எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டின பிறகு வண்டி காலியானதும், "பகல் பூரா நிழல்ல படுத்துத்தானே கெடந்தே, ராத்திரியே கிளம்பிடு" என்று ஓனரிடமிருந்து போன் வரும். நாமும் கிளம்பிவிடுகிறோம். பகலில் வண்டி நின்றது உண்மைதான். நமக்கு ஓய்வு கிடைத்ததா?

அங்கே சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்க டிரைவருக்கு உரிமை இருக்கிற, இடையில் முறியாத நேரம்தான் ஓய்வு. வரிசையில் நின்று வண்டியை நகர்த்துவது ஓய்வு ஆகாது. தார்ப்பாய் கட்டுவது, சரக்கை எண்ணுவது, டீசல் போடுவது, காலையில் டயரையும் பிரேக்கையும் சோதிப்பது எல்லாம் வேறு வேலை, சுத்தியல் குறி. கேட்டில், "மூன்று மணி நேரம் ஆகும், அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் வண்டியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட்டால் வர வேண்டும் என்றால், அது தயார் நிலை, சதுரக் குறி. வேறெந்தப் பொறுப்பும் இல்லாமல் படுக்கலாம், கடைக்குப் போகலாம் என்றால்தான் கட்டில்.

இங்கே புதியவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வண்டி நின்றதும் கருவி தானாகச் சுத்தியல் குறிக்குப் போய்விடும். ஓய்வு எடுக்கிறீர்கள் என்றால் நீங்கள்தான் கட்டிலை அழுத்த வேண்டும். மறந்துவிட்டுத் தூங்கினால் தூங்கின நேரம் வேலையாகப் பதிவாகும். மறுபக்கம், மூட்டை இறக்கிக்கொண்டே கட்டிலை அழுத்தி வைப்பது பொய்ப் பதிவு. சரக்கு இறக்கின சீட்டில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்கைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி ஒரு நாளில் ஓட்டும் நேரம் ஒன்பது மணி. வாரத்தில் இரண்டு நாள் பத்து மணி வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷ இடைவேளை கட்டாயம். அதை இரண்டாகப் பிரித்தால் முதலில் 15, பிறகு 30 என்றுதான் எடுக்க வேண்டும், மாற்றி எடுத்தால் செல்லாது. வாரத்துக்கு 56 மணி, அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90 மணி. அதாவது ஒரு வாரம் 56 ஓட்டிவிட்டால் மறுவாரம் 34தான். வாரம் என்பது ஞாயிறு நள்ளிரவு முடிந்து திங்கள் பிறக்கும்போது தொடங்கி, அடுத்த ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது.

தினசரி ஓய்வு பதினொரு மணி நேரம். வாரந்தோறும் எடுக்கும் நீண்ட ஓய்வு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று தடவை மட்டும் ஒன்பதாகக் குறைக்கலாம். முந்தின ஓய்வு முடிந்த நிமிஷத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் இந்த ஓய்வும் முடிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள் தம்பி. நல்ல அனுபவசாலிகளே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

காலை 6 மணிக்குக் கார்டைச் செருகுகிறீர்கள் என்று வையுங்கள். கால் மணி நேரம் வண்டியைச் சோதித்து 6.15-க்குக் கிளம்பி 10.45 வரை ஓட்டுகிறீர்கள். 45 நிமிஷம் இடைவேளை. மறுபடி 11.30 முதல் 2 மணி வரை ஓட்டி ஒரு குடோன் வாசலை அடைகிறீர்கள். இதுவரை ஓட்டியது ஏழு மணி. குடோனில் வரிசை, நகர்த்தல், இறக்கல் எல்லாம் முடிய இரவு 8 ஆகிறது. ஒன்பதில் இன்னும் இரண்டு மணி பாக்கி இருக்கிறதே, ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்ட முடியாது. காலை 6-க்குத் தொடங்கிய 24 மணி நேரம் மறுநாள் காலை 6-க்கு முடிகிறது. அதற்குள் ஒன்பது மணி ஓய்வு அடங்க வேண்டும் என்றால் இரவு 9-க்கு நிறுத்தியாக வேண்டும். பாக்கி ஒரே மணி நேரம். ஒன்பதாகக் குறைக்கும் மூன்று சலுகையும் முன்பே தீர்ந்திருந்தால் பதினொரு மணி வேண்டும், அந்தக் கெடு மாலை 7-க்கே போய்விட்டது. நீங்கள் வரிசையில் நிற்கும்போதே விதி மீறியாயிற்று.

காத்திருப்பை ஓய்வாக்க நேர்மையான வழியும் ஒன்று இருக்கிறது. பதினொரு மணி ஓய்வை இரண்டாகப் பிரித்து, முதலில் முறியாத மூன்று மணி, பிறகு முறியாத ஒன்பது மணி என்று எடுக்கலாம். அதே குடோனில் போனதும், "எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். மாலை 6-க்கு முன் கிடையாது என்றால், வண்டியை வரிசையில் விடாமல் பார்க்கிங்கில் போட்டு, கட்டிலை அழுத்திவிட்டு, மூன்று மணி நேரம் தொடாமல் இருங்கள். அது முதல் பகுதியாகச் சேரும். இரவு 9-க்குள் நிறுத்தி ஒன்பது மணி எடுத்தால் அன்றைய ஓய்வு முழு ஓய்வு, மூன்று சலுகையில் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் நடுவில் யாராவது வந்து, "ஒரே ஒரு தடவை கொஞ்சம் முன்னால எடுப்பா" என்று கேட்டு நீங்கள் நகர்த்திவிட்டால் அந்த மூன்று மணி முறிந்துபோகும். நம் ஊரில் நமக்கு முகதாட்சண்யம் அதிகம், கேட்டால் செய்துவிடுவோம். அங்கே முடியாது என்று சொல்லிப் பழக வேண்டும். ஓய்வில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

வார ஓய்வு 45 மணி. முந்தின வார ஓய்வு முடிந்ததிலிருந்து ஆறு நாள் கணக்கு முடிவதற்குள் அது தொடங்கிவிட வேண்டும். சில வாரங்களில் 24 மணியாகக் குறைக்கலாம், குறைத்த மணியைப் பிறகு மொத்தமாக ஈடுகட்ட வேண்டும். முழு 45 மணி ஓய்வை வண்டி கேபினில் படுத்துக் கழிக்கக் கூடாது. வெளியே தங்கும் செலவு கம்பெனியுடையது. 2020 ஆகஸ்ட் முதல் இது எழுத்திலேயே இருக்கிறது, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். நாலு வாரத்துக்கு ஒரு தடவை வீடு திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மன்னார்குடிக்கு டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியின் செயல்மையம், அல்லது நீங்கள் வசிக்கிற இடம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

மூன்றாவது கேள்வி. நடுரோட்டில் நிறுத்தச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லாது. எதிர்பாராத நெரிசல், விபத்து, மூடிய சாலை என்று ஆகிவிட்டால், ஆளுக்கும் வண்டிக்கும் சரக்குக்கும் பாதுகாப்பான இடம் போய்ச் சேரும் அளவுக்கு நேரத்தைத் தாண்டலாம். போய்ச் சேர்ந்ததும் கருவியில் பிரிண்ட் எடுத்து அதன் பின்பக்கம் காரணத்தைக் கையால் எழுத வேண்டும். பிரிண்ட் காகிதச் சுருள் கைவசம் உபரியாக இருக்கட்டும். இதுபோக, வார ஓய்வுக்காகக் கம்பெனி மையத்துக்கோ வீட்டுக்கோ திரும்பும்போது ஒரு மணி நேரம் வரை, எடுக்கப்போவது முழு 45 மணி ஓய்வாக இருந்து அதற்கு முன் அரை மணி இடைவேளையும் எடுத்திருந்தால் இரண்டு மணி நேரம் வரை, விதிவிலக்கு உண்டு. அதிகமாக ஓட்டினதைப் பிறகு ஓய்வில் ஈடுகட்ட வேண்டும். கிளம்பும்போதே போய்ச் சேர முடியாது என்று தெரிந்த பயணத்துக்கு இந்தச் சலுகைகள் பொருந்தாது. வண்டிகளை அனுப்பி வைக்கும் டிஸ்பாட்சர் போனில், "விதிவிலக்கு இருக்கிறது, வா" என்றால் அதை மெசேஜில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

கிலோமீட்டர் கணக்கில் காசு என்பதைக் கேட்டதும் எனக்குக் கவலையாக இருந்தது. விதிமீறலைத் தூண்டுகிற, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கிற விதத்தில் தூரத்துக்கோ வேகத்துக்கோ சரக்கின் அளவுக்கோ சம்பளம், போனஸ் தரக் கூடாது என்று அதே 561/2006 விதியின் பத்தாவது பிரிவு சொல்கிறது. நம் ஊர் நடைக் கூலியில் வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஒரு நடை கூட அடித்தால் கூடக் காசு என்கிற கணக்குத்தான் நம் டிரைவர்களைத் தூக்கத்தோடு வண்டி ஓட்ட வைக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு, வெளியூர்ப் படி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் சட்டமே இல்லை என்பது சரியல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி வேலைக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை, வாரம் ஒரு நாள் விடுப்பு என்று வகுத்திருந்தார்கள். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் 1961 சட்டத்தின் அந்த நேரத்தைத்தான் சுட்டியது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில், உயிருக்கு ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டிக்கு டாக்கோகிராஃப் வேண்டும் என்றுகூட இருக்கிறது. நரிமணம் பக்கம் எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவர்களை விசாரித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் 1970-லேயே சரக்கு வண்டிகளுக்குக் கருவி கட்டாயம் என்று சட்டம் போட்டு, 2006-இல் டிஜிட்டலுக்கு மாறினார்கள். நம்மிடம் நேர வரம்பு இருக்கிறது, நெல் லாரி டிரைவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. அதிகாலையில் ஒரு லாரி புளியமரத்தில் மோதினால் டிரைவர் தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முந்தின நாள் அவர் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். டிரைவரைப் பிடிக்க வந்த கருவி என்று நினைக்காதீர்கள். "என்னால் இதற்கு மேல் ஓட்ட முடியாது" என்று டிரைவர் சொல்லும்போது அவர் பக்கம் நிற்கிற சாட்சி அது.

இனி, பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். நம் ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. தொழில்முறை டிரைவருக்கான தகுதிப் பயிற்சி முடித்து, லைசென்ஸில் 95 என்ற குறியீடு ஏறியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான அட்டை வேண்டும். அந்தப் பயிற்சிக்கு யார் செலவு, பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் டிரைவர் நாடு விட்டு நாடு சரக்கு ஓட்ட, கம்பெனி விண்ணப்பித்து டிரைவர் சான்று வாங்கித் தர வேண்டும், அதன் மூலப்பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைத் தராமல் எல்லை தாண்டி அனுப்புகிற கம்பெனியை நம்பாதீர்கள்.

அங்கே போனதும் இன்னும் இரண்டு விஷயம். அதிகாரி கேட்டால் அன்றைய நாளுக்கும் அதற்கு முந்தின 56 நாளுக்கும் உள்ள பதிவைக் காட்ட வேண்டும், 2024 டிசம்பர் 31 முதல் இப்படி. அதற்கு முன் 28 நாளாக இருந்தது. புதிதாகச் சேரும் உங்கள் கார்டில் பழைய நாள்கள் காலியாக இருக்கும் என்பதால், எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று கம்பெனியிடம் சான்று வாங்கி வண்டியில் வைத்திருங்கள். லீவு முடிந்து வரும்போதும் இடைப்பட்ட நாள்களைக் கருவியில் கையால் பதிய வேண்டும். இன்னொன்று, பிரிண்டில் வரும் நேரம் உலகப் பொது நேரம். லிதுவேனியா கடிகாரத்தைவிட அது குளிர்காலத்தில் இரண்டு மணி, கோடையில் மூன்று மணி பின்தங்கியிருக்கும். இது தெரியாமல் கையால் பதியும்போது தப்பு நேரம் போட்டு அபராதம் கட்டியவர்களின் பதிவுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். அடுத்த நெல் சீசனில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஓட்டியது, வேலை பார்த்தது, காத்திருந்தது, உண்மையில் ஓய்வெடுத்தது என்று நான்கு பத்தியில் மணி எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் எழுதினாலே கை பழகிவிடும். அதை ஓனரிடமும் காட்டலாம், மனசுள்ளவர் என்றால் யோசிப்பார்.

கம்பெனி அனுப்பும் வேலை ஒப்பந்தம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சம்பளப் பகுதியையும் ஓய்வுப் பகுதியையும் வரி வரியாகப் பார்த்து எழுதுகிறேன்.